“ஒரு வயர்தானே!” - சென்டர் லாக்கும் கண்டுபிடிக்கும் கூலியும்

சிறுசேரி சிப்காட்டுக்குள் தினமும் நுழையும் ஆயிரக்கணக்கானவர்களில் பலருக்குச் சம்பளம் எதற்குக் கிடைக்கிறது? தப்பு கண்டுபிடிப்பதற்கு. யாரோ எப்போதோ எழுதிய, லட்சம் வரி நீளும் புரோகிராமில் எங்கோ ஒரு மூலையில் ஒரு குறி தப்பாக விழுந்திருக்கும். அதைத் தேட மூன்று நாள். திருத்த மூன்று நொடி. கிளையன்ட்டுக்குப் போகிற பில் மூன்று நாளுக்குத்தான் போகும். “ஒரு புள்ளிதானேப்பா, இதுக்கா இவ்வளவு?” என்று நியூ ஜெர்சியிலிருந்து யாரும் போன் போட்டுக் கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால் பழைய மகாபலிபுரம் சாலையில் பாதி கட்டடம் காலியாகிவிடும் :-)

அதே ஆசாமி சனிக்கிழமை காலையில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவருடைய பன்னிரண்டு வருடப் பழைய காரில் இடது பின் கதவு ரிமோட்டில் பூட்ட மாட்டேன் என்கிறது. கேளம்பாக்கம் பக்கம் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடைக்கு ஓட்டிப் போகிறார். கடைக்காரர் டோர் பேடைக் கழற்றி, டெஸ்ட் லேம்ப்பை வைத்து, ரப்பர் குழாயை உருவி, இரண்டு மணி நேரம் வெயிலில் குந்தியிருந்து, உள்ளே அறுந்து கிடந்த ஒரு வயரைக் கண்டுபிடித்து ஒட்டுப் போட்டு மூடுகிறார். ஐநூறு ரூபாய் கேட்கிறார்.

“என்னண்ணே, ஒரு வயர்தானே! அதுக்கு ஐநூறா?”

முந்நூறில் முடிகிறது பேரம். இதே மனிதரிடம் ஏசி போட்ட ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில், டை கட்டிய அட்வைசர் ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி “லாக் அசெம்ப்ளியையே மாத்தணும் சார்” என்று சொல்லட்டும். பல ஆயிரம் ரூபாயும் அதற்கு மேல் ஜி.எஸ்.டி.யும் சத்தமில்லாமல் கார்டில் தேய்க்கப்படும். காரணம், கையில் ஒரு “பொருள்” கிடைத்துவிட்டதே! பெட்டியோடு, ஹாலோகிராம் ஸ்டிக்கரோடு.

பழைய காரை ரிப்பேர் செய்வது இந்த ஊரில் ஏன் இவ்வளவு அவஸ்தையாகிவிட்டது என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். கம்பெனிகள் மோசம் என்பார்கள், அரசாங்கம் தூங்குகிறது என்பார்கள், மெக்கானிக்குகள் ஏமாற்றுகிறார்கள் என்பார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் முதல் குற்றவாளி “ஒரு வயர்தானே” என்று சொல்கிற அந்த வாய். கண்டுபிடிக்கும் வேலைக்குக் காசு கொடுக்காத ஊரில் கண்டுபிடிக்கத் தெரிந்தவன் மிஞ்ச மாட்டான். அப்புறம் மாற்றத் தெரிந்தவன் மட்டும்தான் இருப்பான்.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது?

சென்டர் லாக் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஒவ்வொரு கதவுக்குள்ளும் கட்டை விரல் பருமனில் ஒரு 12 வோல்ட் டிசி மோட்டார். அதோடு சில பிளாஸ்டிக் பல்சக்கரங்கள், பூட்டை இழுத்துத் தள்ள ஒரு கம்பி. மின்சாரத்தை ஒரு பக்கமாகக் கொடுத்தால் பூட்டும், பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால் திறக்கும். அதுவும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும், தொடர்ந்து மின்சாரம் போனால் மோட்டார் கருகிவிடும். இந்த நொடிக் கணக்கைப் பார்த்துக்கொள்ள டேஷ்போர்டுக்கு அடியில் இரண்டு ரிலேயோடு ஒரு சின்னப் பெட்டி. கடைகளில் விற்கும் சாதாரண செட்டில் டிரைவர் கதவு மோட்டாருக்கு ஐந்து வயர், மற்ற கதவுகளுக்கு இரண்டிரண்டு வயர். டிரைவர் கதவில் மட்டும் கூடுதலாக மூன்று எதற்கு? “சாவி திரும்பிவிட்டது, மற்ற கதவுகளும் பூட்டலாம்” என்று பெட்டிக்குச் செய்தி சொல்லும் சுவிட்சுக்கு.

இவ்வளவு தெரிந்தாலே பாதி பழுதை வீட்டு வாசலில் நின்றே பிரித்துவிடலாம். நான்கு கதவும் செத்துவிட்டதா? ஃப்யூஸ், ரிலே, பெட்டி, இந்த மூன்றில் ஒன்று. டிரைவர் கதவில் சாவி போட்டால் மற்றவை அசையவில்லை, ஆனால் ரிமோட்டில் எல்லாம் வேலை செய்கிறதா? டிரைவர் கதவு சுவிட்ச், அல்லது அதன் வயர். ஒரே ஒரு கதவு மட்டும் மக்கர் செய்கிறதா? அந்தக் கதவின் இரண்டு வயருக்கு நடுவே டெஸ்ட் லேம்ப்பை வைத்து ரிமோட்டை அழுத்துங்கள். விளக்கு மின்னினால் மின்சாரம் வருகிறது, மோட்டாரைப் பார்க்க வேண்டும். மின்னவில்லையா? மோட்டார் மேல் பழி போடாதீர்கள், வயரைப் பாருங்கள். டோர் பேடைக் கழற்றிய பிறகு ஐந்து நிமிட வேலை இது.

வயர் எங்கே அறும் என்பதும் ரகசியம் இல்லை. கதவுக்கும் பாடிக்கும் நடுவே, கீல் பக்கத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அதற்குள் ஓடும் வயர்கள் மடங்கி நிமிர்கின்றன. ஒரு நாளைக்குப் பத்து முறை என்று வைத்துக்கொண்டால் பத்து வருடத்தில் 36,500 முறை. மேலே பிளாஸ்டிக் உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோயிருக்கும். கதவைத் திறந்து வைத்தால் வேலை செய்யும், மூடினால் செய்யாது. அல்லது நேர்மாறாக. இந்த அறிகுறியைக் கேட்டதுமே அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியன் கை நேராக ரப்பர் குழாய்க்குத்தான் போகும். அந்தக் கைக்குத்தான் ஐநூறு ரூபாய். வயருக்கு இல்லை.

இந்தப் பகுதிக்கென்றே இன்னொரு எதிரி உண்டு. சிறுசேரிக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் முட்டுக்காடு கழிமுகமும் கோவளம் கடலும். உப்புக் காற்று கதவுக்குள் புகுந்து கனெக்டரில் பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு ஏற்றும். மழைத் தண்ணீர் கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வெளியேற ஒவ்வொரு கதவின் அடியிலும் ஓட்டைகள் இருக்கின்றன. மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும். டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட் காருக்குள் ஈரம் வராமல் தடுக்கத்தான் இருக்கிறது. ஸ்பீக்கர் போடுகிறவர் அதை ஒரு முறை கிழித்துவிட்டுப் போனால் அதோடு சரி, யாரும் திரும்ப ஒட்டுவதில்லை. களிம்பைச் சுரண்டி, கனெக்டரைச் சுத்தம் செய்து, லாட்ச்சுக்குக் கொஞ்சம் கிரீஸ் வைத்து, ஓட்டையில் ஒரு குச்சியை விட்டால் பாதி “செத்த” பூட்டுகள் எழுந்து உட்காரும். இதில் எந்த வேலைக்கும் பார்ட் நம்பர் கிடையாது. எனவே எந்த பில்லிலும் இது வராது.

பில்லில் இல்லாத வேலை

காமர்ஸ் மாணவர்கள் இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஒரு சர்வீஸ் பில்லில் இரண்டு பத்திகள்தான். உதிரி பாகம், கூலி. பாகத்தில் லாபம் இருக்கிறது. கூலி என்பது “மாட்டுவதற்கு” எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே போட்டு வைத்த கணக்கு. “என்ன பழுது என்று கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம்” என்பதற்குப் பத்தியே இல்லை. அப்படியென்றால் அங்கே வேலை செய்கிற பையன் என்ன செய்வான்? தேடினால் அவன் நேரம் வீண், முதலாளிக்கு நஷ்டம். மாற்றினால் எல்லோருக்கும் லாபம். அவன் கெட்டவன் இல்லை. கொடுக்கிற காசு எதைச் செய்யச் சொல்கிறதோ அதைச் செய்கிறான்.

கார் கம்பெனிகளும் இதற்குத் தோதாகவே பூட்டை மாற்றி வடிவமைத்துவிட்டன. முன்பு லாட்ச் தனி, மோட்டார் தனி. இரண்டு திருகு கழற்றினால் மோட்டார் கையில் வரும். இப்போது பெரும்பாலும் லாட்ச், மோட்டார், சுவிட்ச் எல்லாம் சேர்த்து ஒரே மூடிய பெட்டி. உள்ளே இருப்பது பழைய மாதிரியே அதே சின்ன மோட்டார்தான். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகளில் அந்த வகை மோட்டார் மலிவாகக் கிடைக்கிறது. பெட்டியைப் பொறுமையாகப் பிரித்து மோட்டாரை மட்டும் மாற்றுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் கம்பெனி கேட்லாக்கில் மோட்டாருக்குத் தனி எண் இருக்காது. முழுப் பெட்டி வாங்கு, இல்லையென்றால் சாவியை வைத்துத் திறந்து மூடிக்கொள்.

இது வெறும் புலம்பல் இல்லை. இந்தியப் போட்டி ஆணையமே விசாரித்துச் சொன்ன விஷயம். 2011-ல் ஒரு தனிமனிதர் கொடுத்த புகாரில் தொடங்கிய வழக்கு அது. உதிரி பாகங்களையும், பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும், தொழில்நுட்பத் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்ட் 25 அன்று 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது ஆணையம். மாருதி, டாடா, மஹிந்திரா, ஹோண்டா, டொயோட்டா, ஃபோர்ட் என்று பெரிய தலைகள் எல்லாம் பட்டியலில். “வெளியில் ரிப்பேர் செய்தாலே வாரண்டி போச்சு” என்று பொத்தாம் பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் உத்தரவில் இருந்தது. அப்புறம் என்ன? மேல்முறையீடு, தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம்... வருடங்கள் ஓடின. கேளம்பாக்கம் எலெக்ட்ரீஷியன் கையில் ஒரு வயரிங் படம்கூட வந்து சேரவில்லை.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை “பழுதுபார்க்கும் உரிமை” பற்றி ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள். அதே வருடம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று போர்ட்டல் திறந்தார்கள். ரொம்ப சந்தோஷம். போர்ட்டல் வந்தது, சட்டம் வரவில்லை. போர்ட்டலில் போய்ப் பார்த்தால் கம்பெனிகளின் சர்வீஸ் சென்டர் விவரமும் வாரண்டி விவரமும் கிடைக்கும். அந்த சர்வீஸ் சென்டரில் என்ன சொல்வார்கள் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். “அசெம்ப்ளியையே மாத்தணும் சார்.”

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012 நவம்பரில் இதை மக்கள் வாக்கெடுப்புக்கே விட்டார்கள். 86 சதவீதம் பேர் “வெளி மெக்கானிக்குக்கும் தகவல் கொடு” என்று ஓட்டுப் போட்டார்கள். விளைவு, 2014-ல் கார் கம்பெனிகள் நாடு முழுக்க அதே மாதிரி தகவல் தருவதாக ஒப்பந்தத்துக்கு வந்தன. அந்த ஊர் கார்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களில் சிலர் சிறுசேரியிலேயே இருக்கலாம். சொந்தக் காரின் வயரிங் படம் மட்டும் அவர்களுக்குக் கிடைக்காது!

கார் செய்த மண்ணில் பூட்டு கிடைக்கவில்லை

வண்டலூர் சாலை வழியாகப் போனால் சிறுசேரியிலிருந்து மறைமலை நகர் எட்டிவிடும் தூரம். ஐகான், ஃபியஸ்டா, ஃபிகோ, ஈகோஸ்போர்ட் எல்லாம் அங்கே பிறந்தவை. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்ட் அறிவித்தது, 2022-ல் மறைமலை நகரில் கடைசிக் கார் வெளியே வந்தது. உதிரி பாகமும் சர்வீஸும் தொடரும் என்று சொன்னார்கள். 2025 அக்டோபரில் அங்கே இன்ஜின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய் முதலீடு, 2029-ல் உற்பத்தி என்று புது அறிவிப்பும் வந்தது. நல்லது. ஆனால் புது இன்ஜின் வருவதால் பழைய ஐகானின் பின் கதவு லாக் வந்துவிடாது. ஒரு கம்பெனி போய்விட்டாலும், ஒரு மாடல் நின்றுவிட்டாலும், வண்டி ரோட்டில்தான் இருக்கும். அதைக் காப்பாற்றுவது புதுப்பேட்டையில் பிரித்து விற்கும் பழைய பாகமும், ஜி.பி. ரோட்டில் விற்கும் பொது செட்டும், அதை வண்டிக்கு ஏற்ற மாதிரி வளைத்துப் பொருத்தத் தெரிந்த ஒரு ஆளும்தான். அந்த ஆளிடம்தான் இருநூறு ரூபாய் பேரம்.

“பழைய வண்டிக்கு இவ்வளவு செலவா, அதன் மதிப்பே அவ்வளவுதானே” என்று ஒரு கணக்கு சொல்வார்கள். வருமான வரிக் கணக்குப்படி காருக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம். 6 லட்ச ரூபாய் கார் பத்து வருடத்தில் ஏட்டில் சுமார் 1.18 லட்சம் ஆகிவிடும். ஏட்டு மதிப்போடு ரிப்பேர் செலவை ஒப்பிடுவது முதல் வருட மாணவர் செய்யும் தப்பு. ஒப்பிட வேண்டியது மாற்று வழியின் செலவோடு. 8 லட்ச ரூபாய் கடன், 9.5 சதவீத வட்டி, ஏழு வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 13,000 ரூபாய். வட்டி மட்டுமே கிட்டத்தட்ட 3 லட்சம். ஒரு மாதத் தவணையில் நான்கு கதவின் பூட்டையும் சரி செய்து, வயரைப் புதுப்பித்து, எலெக்ட்ரீஷியன் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்து, மீதிப் பணத்தில் மாமல்லபுரம் போய் மீனும் சாப்பிட்டு வரலாம். இன்ஷூரன்ஸ் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். தேய்மானமும் மின்பழுதும் சாதாரண பாலிசியில் வராது.

அரசாங்கமும் பழைய வண்டிக்காரரைச் சும்மா விடுவதில்லை. 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட்டில் 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 என்று ஆக்கினார்கள். உதிரி பாகத்துக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது ஒரு சின்ன ஆறுதல். வைத்திருப்பதற்குக் கட்டணம் வாங்கத் தெரிந்த அரசுக்கு, வைத்திருக்கத் தேவையான தகவலை வாங்கித் தரத் தெரியவில்லை.

“பூட்டுதானே, இல்லாட்டி என்ன?”

இப்படியும் கேட்பார்கள். கதவுப் பூட்டு சொகுசு இல்லை, பாதுகாப்பு. 2022 ஜூன் மாதம் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தி வைத்திருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்தக் காரின் பூட்டில் பழுது இருந்தது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஒரு கார் கதவு உள்ளிருந்து திறக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். மின்சாரம் போனாலும் சென்டர் லாக்கைக் கையால் திறக்க வழி இருக்க வேண்டும் என்று 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களுக்கு விதி வந்தது. பழைய கார்களுக்கு அந்த விதி பொருந்தாது. அங்கே உள் கைப்பிடியும் குமிழும் இறுகாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டியவர் அதே தெருவோர எலெக்ட்ரீஷியன்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல் மாதிரி மிதந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எதிர்வாதங்களையும் பார்த்துவிடலாம்.

“தகவலை வெளியே கொடுத்தால் திருடர்கள் கைக்குப் போகும்.” கார் திருடுகிறவன் வயரிங் படத்துக்காகக் காத்திருப்பதில்லை. வண்டியைக் கிளப்ப விடாமல் தடுக்கும் இம்மொபிலைசர் வேறு, கதவைப் பூட்டும் மோட்டார் வேறு. முதலாவதன் ரகசியக் குறியீட்டை யாரும் தெருவில் போடச் சொல்லவில்லை. எந்த வயர் எந்தக் கதவுக்குப் போகிறது என்று சொல்வதால் எந்த வங்கியும் கொள்ளை போகாது. கம்பெனிகள் சொன்ன பாதுகாப்பு வாதத்தையும் அறிவுசார் சொத்து வாதத்தையும் 2014-லேயே போட்டி ஆணையம் ஏற்கவில்லை.

“தெரு மெக்கானிக்குகள் கெடுத்துவிடுகிறார்கள்.” உண்மை, கெடுக்கிறவர்கள் உண்டு. வயரை முறுக்கி டேப் சுற்றி விடுகிறவர், கிளிப்பை உடைத்துவிட்டு டோர் பேடைத் திருகு போட்டு இறுக்குகிறவர், பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கி எறிகிறவர் எல்லாரும் இருக்கிறார்கள். முறையாகச் செய்கிறவர் அறுந்த இடத்தில் வெறும் முடிச்சுப் போட மாட்டார். ரப்பர் குழாய்க்கு வெளியே இரண்டு பக்கமும் நல்ல வயர் வரை வெட்டி, மடங்கும் இடத்தில் ஒட்டே வராதபடி புது வயர் ஓட்டி, சால்டர் வைத்து, உறை போடுவார். அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டு மணி நேரத்துக்குக் காசு கிடையாது என்றால் டேப்தான் கிடைக்கும். டேப்புக்குக் காசு கொடுத்துவிட்டு சால்டரை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

“அதெல்லாம் சரி, அவர் உண்மையிலேயே இரண்டு மணி நேரம் தேடினார் என்று எப்படி நம்புவது?” நல்ல கேள்வி. பதில் பேரத்தில் இல்லை, பில்லில் இருக்கிறது. தேடும் வேலைக்கு மணிக்கு இவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். என்ன சோதித்தார், எங்கே பழுது என்று ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பெரிய சர்வீஸ் சென்டரிலும் இதையே கேளுங்கள். “எதை வைத்து அசெம்ப்ளி போச்சுன்னு சொல்றீங்க, மோட்டாருக்குக் கரண்ட் வருதான்னு பார்த்தீங்களா?” என்ற ஒரே கேள்விக்குப் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும் சக்தி உண்டு.

சட்டமும் இதைத்தான் செய்ய வேண்டும். வயரிங் படத்தை வெளியிடு, அசெம்ப்ளிக்குள் இருக்கும் பாகத்தைத் தனியாக விற்பனை செய், தயாரிப்பை நிறுத்தினாலும் இத்தனை வருடம் பாகம் கொடு. மூன்றே வரி. இதற்கு இன்னொரு குழுவும் இன்னொரு போர்ட்டலும் தேவையில்லை.

ஆனால் சட்டம் வந்த அன்று அதைப் பயன்படுத்த ஆள் வேண்டும். அரசு ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம். படித்துவிட்டு வருகிற பையன் தெருவோரக் கடையில் தேடிக் கண்டுபிடித்துப் பேரத்தில் தோற்பதா, ஷோரூமில் பெட்டியை மாற்றி மாதச் சம்பளம் வாங்குவதா என்று யோசிப்பான். என்ன முடிவெடுப்பான் என்று சொல்லத் தேவையில்லை. இன்று கேளம்பாக்கத்தில் குந்தியிருக்கிற அந்த அண்ணனுக்கு வயசாகிக்கொண்டே போகிறது. அவர் கடையை மூடிய பிறகு, அறுந்த அந்த ஒரு வயருக்கு யார் என்ன விலை கேட்டாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.